முறைக்கும் கண்கள்



கடந்த 11 மாதங்களாக நான் ஆராதனையில் நிறக்கண்ணாடி அணிந்தே நிற்கிறேன். அதைக்குறித்து உங்களில் பலர் அன்போடு விசாரித்தீர்கள். சிலர் என்னிடம் கேட்கத் தயங்கி, என் மனைவியிடம் கேட்டீர்கள். இன்னும் சிலர் ஒன்றும் கேளாமல் உங்களுக்குள்ளேயே ஒரு விடையைக் கண்டுகொண்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இன்று எழுதுகிறேன். என் நோய் இன்னதென்று உங்களுக்கு விளக்கவேண்டும் என்பது ஒரு காரணம். 14 ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சகோதரிக்குச் செய்த அநியாயத்தை உங்கள்முன் அறிக்கையிடவேண்டும் என்பது மற்றொரு காரணம். பின்னதை எழுதுவதே எனக்குக் கடினமாயிருக்கிறது. அந்தச் சகோதரியின் அனுமதியோடு எழுதுகிறேன்; அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம்.

சென்ற ஆண்டு லெந்து காலத்தில் இது தொடங்கியது. எட்டு வாரங்களில் ஆறு கிலோ எடை குறைந்தேன். உபவாசத்தினால் என்று எண்ணினேன். திருவிருந்துப் பாத்திரத்தைப் பிடித்த கை நடுங்கியது. வயதினால் என்று எண்ணினேன். இரவில் நெஞ்சு படபடத்தது. கண்களில் மணல் விழுந்ததுபோல் ஓர் உறுத்தல் எப்போதும் இருந்தது. சபை விசாரிப்புக்காக இருசக்கர வண்டியில் செல்லும்போது காற்றுப்பட்டுக் கண்ணீர் வழிந்தது. ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்று சொட்டு மருந்து கொடுத்தார். தொடக்கத்தில் இந்நோய் அப்படித்தான் தோன்றுமாம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அந்த நாட்களில்தான் உங்களிடையே ஒரு பேச்சு எழுந்தது. "ஐயர் ஏன் எல்லாரையும் முறைக்கிறார்?" ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையொன்று என் முகத்தைக் கண்டு வீறிட்டு அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு குடும்பத்தார் மூன்று வாரங்கள் ஆலயத்திற்கு வரவில்லை. விசாரித்தபோது, பிரசங்கம் முழுவதும் நான் அவர்களையே கோபமாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் அவர்களைப் பார்க்கவேயில்லை. ஆனாலும் அதை எப்படி நிரூபிப்பது? ஒருவன் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், தன் பார்வையை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வான்?

பெரிய மருத்துவமனைக்குச் சென்றபோது அங்கிருந்த கண் மருத்துவர் என் கண்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "உங்கள் பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். என் மனைவி கைப்பேசியில் இருந்த படம் ஒன்றைக் காட்டினார். இச்சேகரத்தில் நான் பொறுப்பேற்ற நாளில் எடுத்தது. மருத்துவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் என் மேலிமை கருவிழியின் மேல்விளிம்பைச் சற்று மூடியிருந்தது. இப்போதோ கருவிழிக்கு மேலே வெண்விழி ஒரு கோடாகத் தெரிந்தது. "உங்கள் இமை மேலே ஏறியிருக்கிறது, கண் முன்னால் வந்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு நீங்கள் திகைப்பதுபோலவோ கோபப்படுவதுபோலவோ தெரியும்," என்றார். இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் அதை உறுதிசெய்தன. என் தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்துகொண்டிருந்தது. கிரேவ்ஸ் நோய் என்று அதற்குப் பெயர். 1835-இல் டப்ளின் நகர மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் இதை விவரித்து எழுதினார். 1840-இல் ஜெர்மனியில் மெர்ஸபர்க் ஊரின் மருத்துவர் கார்ல் ஃபான் பாஸெடோ, கழுத்து வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, துருத்திய கண்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்டார். கண்ணைப் பிடிக்கும் பகுதிக்குத் தைராய்டு கண் நோய் என்று பெயர்.

அன்பானவர்களே, இந்நோய் கண்ணுக்குள் செய்வதை நான் அறிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது வந்தால் நீங்கள் காலந்தாழ்த்தாமலிருக்க உதவும்.

தைராய்டு என்னும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் 'துரெயோஸ்' என்னும் சொல்லைக் கற்றோம். கதவைப்போல் பெரிதாய், உடலை மறைக்கும் கேடகம் என்று பொருள். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் விசுவாசத்தைக் கேடகத்திற்கு ஒப்பிடும்போது பவுல் இச்சொல்லையே பயன்படுத்துகிறார். கழுத்தின் முன்புறத்தில் இருப்பதற்கு மருத்துவ உலகம் இப்பெயரையே இட்டது. நான் பலமுறை பிரசங்கித்த சொல் என் தொண்டையிலேயே இருந்ததை அந்த மருத்துவமனை வராந்தாவில்தான் நினைத்துப்பார்த்தேன்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'இவ்வளவு சுர' என்று தைராய்டுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. அக்கட்டளையைப் பெற்றுக்கொள்ளத் தைராய்டு செல்களின்மேல் ஏற்பிகள் உள்ளன. கிருமிகளை எதிர்க்கவேண்டிய நம் உடலின் காவற்படை, கிரேவ்ஸ் நோயில் இந்த ஏற்பிகளையே அந்நியரென்று தவறாக எண்ணி, அவற்றின்மேல் எதிர்ப்பொருள்களை ஏவுகிறது. அந்த எதிர்ப்பொருள் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, கட்டளை வந்ததுபோலவே அதை இயக்கிவிடுகிறது. சுரப்பியும் ஓய்வின்றிச் சுரக்கிறது.

இதே ஏற்பிகள் கண்ணுக்குப் பின்னால் உள்ள நாரிழைச் செல்களின்மேலும் இருக்கின்றன. அங்கே இவற்றோடு இணைந்து செயல்படும் மற்றோர் ஏற்பியும் உண்டு; இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணிக்கு உரியது அது. தூண்டப்பட்ட அந்தச் செல்கள் ஹையலூரோனிக் அமிலம் என்னும் பொருளை மிகுதியாக உண்டாக்குகின்றன. அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஊறிய சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். சில செல்கள் கொழுப்புச் செல்களாக மாறுகின்றன. சில பின்னாளில் தழும்புபோல் இறுகிவிடுகின்றன. ஆகவே கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்பும் தசைகளும் பருத்துவிடுகின்றன.

பருப்பதற்கு அங்கே இடம் ஏது? கண்குழி ஏழு எலும்புகளால் ஆன ஒரு கூம்பு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். அதில் கண்கோளம் மட்டும் ஏறத்தாழ 7 மில்லிலிட்டர். மீதியில் ஆறு தசைகள், கொழுப்பு, நரம்புகள், இரத்தக் குழாய்கள், கண்ணீர்ச் சுரப்பி எல்லாம் அடங்கவேண்டும். எலும்புச் சுவர்கள் விரிந்துகொடுப்பதில்லை. முன்பக்கம் மட்டுமே திறந்திருக்கிறது. அக்குழிக்குள் 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான வீக்கம் சேர்ந்தாலே, கண் 6 மில்லிமீட்டர்வரை முன்னால் தள்ளப்படும் என்று மருத்துவர் சொன்னார். அந்த அளவே ஒரு மனிதனுடைய முகத்தை மாற்றப் போதுமானது.

இமைகளில் வேறொரு காரியம் நடக்கிறது. மேலிமையை உயர்த்தும் தசைகள் மிகையாகத் தூண்டப்பட்டும், வீங்கியும், இறுகியும் இமையை மேலே இழுத்துப் பிடிக்கின்றன. இந்நோயின் அடையாளங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. கீழே நோக்கும்போதும் இமை தாமதித்தே இறங்குகிறது. இமைப்பது குறைகிறது. தூங்கும்போதும் கண் முழுவதும் மூடுவதில்லை. கருவிழி காய்ந்து, புண்ணாகவும்கூடும். அது காய்வதால் எரிச்சல் உண்டாகி, அந்த எரிச்சலினால் கண்ணீர் பெருகுகிறது. வறண்ட கண்ணே அதிகமாக அழும் என்பது எனக்குப் புதிய செய்தி. நான் பீடத்தில் கண்ணீர் விட்டதைக் கண்டு உருகிய சிலர் இருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், அந்நாட்களில் பாதிக் கண்ணீர் மின்விசிறிக் காற்றினால் வந்தது.

அடுத்து தசைகள். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் இந்நோய் பெரும்பாலும் முதலில் பிடிப்பது கண்ணைக் கீழ்நோக்கி இழுக்கும் தசையை. அடுத்தது மூக்கை நோக்கி இழுக்கும் தசையை. கீழ்த்தசை வீங்கி இறுகிவிட்டால், கயிறு கட்டிய கன்றைப்போல் கண் மேலே எழும்ப முடிவதில்லை. ஒரு கண் எழும்பும், மற்றது எழும்பாது. அப்போது ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். நம் ஆலயத்தின் பலிபீடச் சிலுவை எனக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டாய்த் தெரிந்தது. காலையில் இது அதிகமாயிருக்கும். படுத்திருக்கையில் நீர் தேங்குவதால். கண் மேலே எழாததனால், நோயாளி தன்னையறியாமல் மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கப் பழகுகிறான். "ஐயர் இப்போது தலைநிமிர்ந்து நடக்கிறார்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படி நடக்காவிட்டால் எனக்குப் படிக்கட்டு இரண்டாகத் தெரிந்திருக்கும்.

மருத்துவர் மோவாயைப்பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தச் சகோதரியின் நினைவு வந்தது. நாற்காலியைவிட்டு எழவேண்டும்போல் இருந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நோயின் கடுமையைக் கேட்டு நான் கலங்கியதாக எண்ணினார்.

14 ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கே பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் அவர் அமர்வார். ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவர்; வேதத்தில் தேறினவர். ஓராண்டுக்குள் அவர் பார்வை மாறிப்போயிற்று. நான் பேசத் தொடங்கியதும் மோவாயை உயர்த்தி, கண்களை அகல விரித்து, இமைக்காமல் என்னைப் பார்ப்பார். அப்போது நான் நாற்பதைத் தாண்டாதவன். என் பிரசங்கத்தை எடைபோடுகிறார், என் இறையியல் பட்டத்தை ஏளனம் செய்கிறார் என்று தீர்மானித்தேன். அவரிடம் ஒருமுறையாவது கேட்டேனா? இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திற்குச் செயலாளர் தேவைப்பட்டபோது, எல்லாரும் அவர் பெயரைச் சொன்னார்கள். நான் வேறொருவர் பெயரைச் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தால் நலமாயிருக்கும். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தில், கர்த்தர் வெறுக்கும் காரியங்களின் பட்டியலில் அகந்தையான பார்வை முதலாவதாக வருகிறது. ஒரு ஞாயிறு அதையே பிரசங்கித்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வரிசையைப் பார்த்துப் பேசினேன். சபையில் சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் அவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் அமர்ந்தார். வார்த்தை அவரைத் தொட்டது என்று எண்ணி நான் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

இஸ்ரவேலுக்கு இராஜாவைத் தெரிந்துகொள்ளச் சென்ற சாமுவேல், ஈசாயின் மூத்த மகனுடைய தோற்றத்தைக் கண்டு ஏமாறியதையும், கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று அவனுக்கு உணர்த்தியதையும் நான் எத்தனை முறை உங்களுக்குப் போதித்திருக்கிறேன்! நல்ல தோற்றத்தைக் கண்டு ஏமாறாதிருங்கள் என்றே எப்போதும் விளக்கம் சொன்னேன். கடுமையான தோற்றத்தைக் கண்டும் ஏமாறலாம் என்பதை அந்தப் பகுதியிலிருந்து நான் கற்றுக்கொள்ளவேயில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம் அவரைத் தேடிச் சென்றேன். கதவைத் திறந்தவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "உள்ளே வாங்க ஐயா," என்றார், பிறகு, "உங்களுக்கும் வந்திருச்சா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்னறையில் அவருடைய திருமணப் படம் மாட்டியிருந்தது. அமைதியான, சற்றே இறங்கிய இமைகளுடைய பெண்ணின் முகம். அந்தப் படத்தின்கீழ் அமர்ந்து நான் அந்த வீட்டில் ஐந்தாறு முறையாவது ஜெபம் செய்திருக்கிறேன். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதுமானதாயிருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த ஞாயிறையும் செயலாளர் பதவியையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்னிக்கு எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும் ஐயா. பீடத்துல ரெண்டு ஐயர் நின்னாங்க. ரெண்டு பேரும் என்னையத்தான் பார்த்தீங்க."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் நோயைக்குறித்துக் கேட்கத் தொடங்கினார். "தலைக்கு ரெண்டு தலகாணி வச்சு உசத்திப் படுங்க. ராத்திரி கண்ணு முழுசா மூடுதான்னு அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க. மூடலன்னா டாக்டர்ட்ட களிம்பு கேளுங்க. வண்டியில போறப்ப கண்ணாடி போடாம போகாதீங்க." இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: "தினமும் காலைல ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணால சிவப்பா எதையாவது பாருங்க ஐயா. மாத்தி மாத்திப் பாருங்க. ஒரு கண்ணுல சிவப்பு மங்கினா அன்னிக்கே ஓடுங்க. நான் ஓடல. ஸ்கூல் பரீட்சை முடியட்டும்னு இருந்துட்டேன்." அவருடைய இடக்கண்ணில் பார்வை முழுவதும் திரும்பவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கண்குழியாகிய கூம்பின் பின்முனை மிகவும் குறுகியது. பார்வை நரம்பு அதன் வழியாகவே மூளைக்குச் செல்கிறது. தசைகள் அங்கே பருத்துவிட்டால் நரம்பை நாற்புறமும் நெருக்கும். இது நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு நேரிடுகிறது. கண் அதிகமாகத் துருத்தாதவர்களுக்கும் நேரிடலாம், ஏனெனில் முன்னால் வெளியேற முடியாத அழுத்தம் உள்ளேயே நிற்கிறது. எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரியும்போதே நிறங்கள் மங்கத் தொடங்கும்; முக்கியமாகச் சிவப்பு. உடனே கவனிக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

நம் பழைய வேதாகமத்தின் தாள்விளிம்பு சிவப்பு நிறமுடையது அல்லவா? காலை ஜெபத்திற்கு அமரும்போது அந்த விளிம்பையே எனக்குரிய சோதனையாக வைத்துக்கொண்டேன். வலக்கண்ணால் பார்ப்பேன், பின்பு இடக்கண்ணால். நான்கு மாதங்கள் வேறுபாடு தெரியவில்லை. அசனப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலை, வலக்கண்ணில் அந்த விளிம்பு செங்கல் தூளின் நிறமாய்த் தெரிந்தது. வேதாகமத்தைத் திருப்பிப் பார்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இடக்கண்ணில் சிவப்பு, வலக்கண்ணில் பழுப்பு.

அன்று ஆலய வளாகத்தில் அடுப்பு மூட்டியாயிற்று. அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை ஆராதனையையும் அசனத்தையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? திங்கட்கிழமை போகலாம் என்று என் உள்ளம் சொன்னது. அது பக்தியின் குரலைப்போலவே இருந்தது. அந்தச் சகோதரி சொன்ன "நான் ஓடல" என்னும் வார்த்தை இல்லாதிருந்தால் நான் திங்கட்கிழமைதான் போயிருப்பேன். அன்று மதியத்திற்குள் மருத்துவமனையில் இருந்தேன். உயர்ந்த அளவில் ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாய் வழியாக மூன்று நாட்கள் செலுத்தினார்கள்; மறுவாரமும் செலுத்தினார்கள். அதற்கும் இணங்காவிட்டால் கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை அகற்றி, வீக்கத்திற்கு இடமுண்டாக்கும் அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. பத்து நாட்களில் விளிம்பு மீண்டும் சிவந்தது. பண்டிகையன்று போதகர் இல்லாததைக்குறித்து வருத்தப்பட்டவர்களே, அன்று நான் போன இடம் இதுதான்.

என்னால் அவமானப்படுத்தப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் அமர்ந்த ஒருவரே என் வலக்கண்ணைக் காப்பாற்றினார். தனக்குச் செய்யப்பட்டதற்கு ஈடாக அவர் ஒன்றும் கேட்கவில்லை. விடைபெறும்போது வாசலில் நின்று ஒரே வார்த்தை சொன்னார்: "எங்கிட்ட சொன்னதைச் சபையில சொல்லுங்க ஐயா. அங்கதான பேசினீங்க."

நியாயமான வார்த்தை. ஆலயத்தில் செய்த தவறுக்கு வீட்டின் முன்னறையில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ள முயன்றேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சேகரத்தின் இப்போதைய குருவானவரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அங்கே சென்று, அதே பீடத்தில் நின்று சொல்லவிருக்கிறேன். அன்று இங்கே உதவி குருவானவர் ஆராதனை நடத்துவார். நான் எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மருந்தைக்குறித்து. எனக்காக ஜெபிக்க வந்த அன்பர் ஒருவர், மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்றார். வேறொருவர், ஊழியக்காரனுடைய கண்ணில் நோய் வந்தால் அதற்கு மறைவான காரணம் இருக்கும் என்றார். பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களும் இதையேதான் இயேசுவிடம் கேட்டார்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நான் ஜெபிக்கிறேன், மாத்திரையும் சாப்பிடுகிறேன். தைராய்டு அளவு ஏறினாலும் கண்ணுக்குத் தீங்கு, மிகவும் இறங்கினாலும் தீங்கு. ஆகவே மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். தைராய்டு அளவு சரியான பின்பும் கண் நோய் தன் வழியே நீடிக்கலாம். பொதுவாக ஓராண்டோ, சற்று அதிகமோ கொதித்து, பிறகு அடங்கும். அடங்கியபின்னும் பழைய முகம் முழுவதும் திரும்புவதில்லை. மாறுகண்ணுக்கும் இமைக்கும் அறுவை சிகிச்சை அதன்பிறகே செய்வார்கள். கதிரியக்க அயோடின் சிகிச்சை கண் நோயைச் சிலருக்கு அதிகப்படுத்தலாம். அதற்கு ஒப்புக்கொள்ளுமுன் கண் மருத்துவரையும் கேளுங்கள். பீடி, சிகரெட் புகைக்கிறவர்களுக்கு இந்நோய் வருவதும் முற்றுவதும் அதிகம். அதை விட்டுவிடுவது உங்கள் கையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு இது மிகுதியாக வருகிறது. ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது.

இரண்டாவது, ஒருவரையொருவர் பார்ப்பதைக்குறித்து. கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதும்போது பவுல், தன் சரீரத்தில் பலவீனம் இருந்த நாட்களில் அவர்கள் தன்னை அசட்டைபண்ணாமல் ஏற்றுக்கொண்டதையும், கூடுமானால் தங்கள் கண்களையே தனக்குக் கொடுத்திருப்பார்கள் என்பதையும் நன்றியோடு நினைவுகூருகிறார். அவருக்குக் கண் நோய் இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுவதுண்டு. அதை நான் வாதிக்கப்போவதில்லை. சகிக்கக் கடினமான தோற்றத்தோடு வந்த ஒரு மனிதனை அச்சபையார் எப்படிப் பார்த்தார்கள் என்பதே எனக்குப் போதுமானது. நம் சபையிலும் முறைப்பதுபோல் பார்க்கும் ஒருவர், வணக்கம் சொன்னால் திரும்பாத ஒருவர், ஜெபவேளையில் எழுந்துபோகும் ஒருவர் இருக்கலாம். அவரைக்குறித்து உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கலாம். இந்த வாரம் அவருடைய வீட்டுக்குச் சென்று, "நலமாயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். 14 ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது ஒன்றுதான். கேட்டிருந்தால், அந்தச் சகோதரி அன்றைக்கே மருத்துவரிடம் போயிருக்கக்கூடும்.

நான் இப்போது அணியும் கண்ணாடியில் ஒரு பக்கத்தில் பட்டகத் தகடு ஒட்டியிருக்கிறது. அதனால் நேரே பார்க்கும்போது நீங்கள் எனக்கு ஒருவராகத்தான் தெரிகிறீர்கள். மாடியிலிருக்கும் பாடகர் குழுவினர் மட்டும் இன்னும் இரண்டு மடங்காகத் தெரிகிறார்கள். என் கண்கள் இன்னும் கொஞ்சகாலம் முறைத்துக்கொண்டுதான் இருக்கும். அது உங்கள்மேல் உள்ள கோபமென்று எண்ணவேண்டாம். எண்ண நேர்ந்தால், என்னிடம் வந்து கேளுங்கள்.

ஜெபம்: இருதயங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, முகத்தைக் கண்டு நாங்கள் எழுதிய தீர்ப்புகளை எங்களுக்கு மன்னியும். எங்கள் வார்த்தையினால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவர்களைத் தேடிச்செல்ல எங்களுக்கு மனத்தாழ்மையையும், காலந்தாழ்த்தாத கால்களையும் தாரும். கண் நோயினால் வருந்துகிறவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் உமது இரக்கம் துணையிருப்பதாக. ஆமென்.